முன்னறிவிக்கப்பட்ட பாலன்

கார்த்திகை மழை ஓய்வதற்குள்ளாகவே நம் இல்லங்களில் பரணிலிருந்து குடில் சாமான்கள் இறங்கிவிடுகின்றன. வைக்கோல் வேய்ந்த கூரை, ஒற்றைக் காது உடைந்த ஆடு, நீலப் போர்வை போர்த்திய அன்னை மரியா, கையில் கோலேந்திய சூசையப்பர் என ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் அமர்கின்றன. ஆயின் நடுவில் உள்ள தீவனத் தொட்டி மட்டும் வெறுமையாகவே இருக்கும். பாலன் சுரூபத்தை டிசம்பர் 24 நள்ளிரவுக்கு முன் வைக்கலாகாது என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். வருபவர் இன்னார், வரும் நாள் இது, வரும் இடம் இது என்று அறிந்து, அவருக்காக ஓர் இடத்தை ஒதுக்கி வைத்துக் காத்திருப்பது எத்துணை வியப்பான செயல்!

உலகில் பெருமக்கள் பலர் பிறந்தனர். அவர்கள் வளர்ந்து, அரும்பெரும் செயல்கள் ஆற்றிப் புகழ் எய்திய பின்னரே அவர்தம் பிறப்பைப் பற்றி மக்கள் எண்ணிப் பார்த்தனர். இயேசு கிறிஸ்துவோ பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஓர் இனம் முழுவதாலும் எதிர்நோக்கப்பட்டார் என்பது நம் திருச்சபையின் நம்பிக்கை. இதன் சிறப்பு யாது என்று மறைக்கல்வி வகுப்பில் வினவினால், "முன்னறிவித்தபடியே நடந்தது, ஆதலால் இயேசுவே மெசியா" என்று நாம் அனைவரும் ஒரே குரலில் விடை கூறுவோம். இவ்விடை தவறன்று. ஆனால் இது போதாது என்பதே எங்கள் எண்ணம்.

ஏனெனில், பள்ளியில் குடில் கட்டும் வேலையில் எங்களோடு கைகோத்து நின்ற இந்துத் தோழி ஒருத்தி ஒரு வினாவை எழுப்பினாள். "எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்ததுதான் என்றால், உங்கள் மாதா சரி என்று சொல்லாமல் வேறு என்னதான் செய்திருக்க முடியும்? ஜாதகத்தில் உள்ளபடி நடக்கிறது என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்னடி வித்தியாசம்?" என்றாள் அவள்.

இதனை விளையாட்டு வினா என்று தள்ளிவிட இயலாது. "எழுதினபடிதான் நடக்கும்" என்னும் சொல்லை நம் ஊர்களில் மிகுதியாகக் கேட்பவர்கள் பெண்பிள்ளைகளே அல்லவா? பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் ஒருத்தி மேல்படிப்புக்குச் செல்ல, அவளைவிட நன்றாகப் படித்த மற்றொருத்தி வீட்டோடு நின்றுவிட நேர்கையில், அவளுக்குச் சொல்லப்படும் ஆறுதல் மொழியும் அதுவே. கிறிஸ்துவின் பிறப்பும் அத்தகைய தலையெழுத்துத்தானா? அன்னை மரியா ஏற்கெனவே எழுதப்பட்ட நாடகத்தில் தமக்குக் கொடுக்கப்பட்ட வசனத்தை ஒப்பித்தவர்தாமா? இதற்கு விடை காணவே நாங்கள் திருவிவிலியத்தின் பக்கங்களைப் புரட்டினோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நம் பாட்டிமார்கள் "இசையாஸ் தீர்க்கதரிசி" என்பர்; நாம் "இறைவாக்கினர் எசாயா" என்கிறோம். ஒருவரைத்தான் இருவரும் குறிப்பிடுகிறோம். ஆனால் இவ்விரு பெயர்களுக்கிடையே நுட்பமான வேறுபாடு உண்டு. தீர்க்கதரிசி என்றால் தொலைவில் உள்ளதைக் காண்பவர். இறைவாக்கினர் என்றால் இறைவனின் வாக்கை எடுத்துரைப்பவர். விவிலியத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. திக்குவாயரான மோசேக்குப் பதிலாகப் பாரவோன் மன்னன் முன் பேசும் ஆரோனை மோசேயின் இறைவாக்கினர் என்று விடுதலைப் பயண நூலின் 7ஆம் அதிகாரம் அழைக்கிறது. ஆரோன் அங்கே வருங்காலம் எதையும் கணித்துக் கூறவில்லை. பிறர் வாக்கைத் தம் வாயால் உரைத்தார், அவ்வளவே. ஆகவே இறைவாக்கினர் வாயிலிருந்து நாம் எதிர்பார்க்க வேண்டியது கணிப்பு அன்று, வாக்குறுதி. கணிப்பு என்பது நம்மைக் கேளாமல் நடப்பது. வாக்குறுதியோ ஒருவர் கொடுக்க, மற்றவர் நம்பி ஏற்பது. இந்த வேற்றுமையை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

கிறிஸ்துவின் பிறப்பைக் குறித்த வாக்குகளில் அனைவரும் அறிந்தது எசாயா 7ஆம் அதிகாரத்தில் உள்ள இம்மானுவேல் வாக்கு. ஒரு பெண் கருவுற்று மகனைப் பெறுவாள், அவனுக்கு "கடவுள் நம்மோடு" என்று பொருள்படும் பெயர் இடப்படும் என்பது அதன் சாரம். கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளில் இதனைப் பொன்னெழுத்தில் அச்சிடுகின்றனர். ஆனால் இது முதன்முதலாக எப்பொழுது, எவரிடம், எந்த இக்கட்டில் கூறப்பட்டது என்பதை வாழ்த்து அட்டை கூறுவதில்லை.

கி.மு. 735 அளவில் எருசலேமில் ஆகாசு என்னும் இளம் அரசன் ஆண்டு வந்தான். வடக்கே இருந்த இஸ்ரயேல் மன்னனும் சிரியா மன்னனும் ஒன்றுசேர்ந்து அவன்மீது படையெடுத்து வந்தனர். இச்செய்தி கேட்டு அரசனின் உள்ளமும் குடிகளின் உள்ளமும் காற்றில் அலைக்கழியும் காட்டு மரங்களைப் போல நடுங்கின என்று விவிலியம் வருணிக்கிறது. ஆகாசு நகருக்கு வெளியே, வண்ணார்துறைக்குச் செல்லும் வழியில், மேற்குளத்துக் கால்வாய் முடியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். முற்றுகை வந்தால் நகருக்குக் குடிநீர் கிடைக்குமா என்று பார்வையிடவே அவன் சென்றிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. அவ்விடத்திற்கு எசாயா தம் சிறு மகனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு சென்றார். அஞ்சாதே, அமைதியாயிரு, இவ்விரு மன்னரும் புகைந்து அணையும் கொள்ளிக்கட்டைகளே என்று அரசனைத் தேற்றினார். பின்னர் ஆண்டவரிடமிருந்து ஓர் அடையாளம் கேள், அது எவ்வளவு உயரத்தில் இருப்பினும் எவ்வளவு ஆழத்தில் இருப்பினும் கேள் என்றார்.

ஆகாசோ, ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டான். கேட்பதற்கு எத்துணைப் பக்தியான மொழி! ஆனால் அவன் உள்ளத்தில் இருந்தது வேறு. வலிமை மிக்க அசீரியப் பேரரசன் திக்லத்பிலேசரின் காலில் விழுந்து உதவி கேட்பதே அவன் எடுத்த முடிவு. கோவிலில் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அவனுக்குக் கையுறையாக அனுப்பினான் என்று அரசர்கள் இரண்டாம் நூல் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. வேண்டாம் என்பதைப் பக்தி மொழியில் சொல்லி நழுவுபவர்கள் அன்றும் இருந்தனர்! எசாயா அவனை விடவில்லை. நீ கேளாவிட்டாலும் ஆண்டவரே ஓர் அடையாளம் தருவார் என்று கூறி இம்மானுவேல் வாக்கை உரைத்தார். அப்பிள்ளை நன்மை தீமை அறியும் பருவம் எய்துமுன், நீ அஞ்சி நடுங்கும் இரு நாடுகளும் பாழாகும் என்றார். அவ்வாறே கி.மு. 732இல் தமஸ்கு நகர் வீழ்ந்தது. கி.மு. 722இல் வடநாட்டின் தலைநகர் சமாரியாவும் வீழ்ந்தது. ஆகாசோ தான் தேடிப்போன அசீரியாவுக்கே கப்பம் கட்டும் சிற்றரசன் ஆனான்.

எசாயா தம் பிள்ளைகளின் பெயர்களையே மக்களுக்கு அறிவிப்பாக ஆக்கியவர். அன்று உடன் சென்ற மகனின் பெயருக்கு "எஞ்சியோர் திரும்பி வருவர்" என்பது பொருள். அடுத்த மகனுக்கு அவர் இட்ட பெயரோ எபிரேய மொழியில் நான்கு சொற்களால் ஆனது. கொள்ளை விரைகிறது, சூறையாடல் முந்துகிறது என்று அதற்குப் பொருள் கூறலாம். நம் வருகைப் பதிவேட்டில் அப்பெயரை எழுத வேண்டியிருந்தால் வகுப்பாசிரியை என்ன செய்வாரோ!

இங்கே ஒரு ஐயம் எழுகிறது. எசாயா கூறியது ஆகாசின் காலத்தில் நடக்க வேண்டிய அடையாளம் என்றால், எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்து பிறந்த இயேசுவை அது எவ்வாறு குறிக்கும்? அன்றைய குழந்தை ஆகாசின் மகனான எசேக்கியாவாக இருக்கலாம் என்று கருதுவோர் உளர். எசேக்கியா நல்லரசன்தான். ஆயினும் எசாயா 9ஆம் அதிகாரத்தில் பிறக்கப்போகும் அரச குழந்தைக்குச் சூட்டும் பட்டங்களைப் படித்துப் பாருங்கள். முடிவில்லாத அமைதி, என்றென்றைக்கும் நிலைத்த நீதி என்றெல்லாம் அவர் அடுக்கும் சிறப்புகள் எந்த மானிட அரசனுக்கும் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. நம் தாய்மார்கள் பள்ளிச் சீருடையைத் தைக்கக் கொடுக்கையில், வளரும் பிள்ளை என்று கூறிக் கீழே நன்றாக மடித்துத் தைக்கச் சொல்வார்கள். அன்றைக்கு அந்தப் பாவாடை நமக்குப் பெரிதாகத்தான் இருக்கும். எசாயாவின் வாக்கும் அப்படி வளர்த்திக்கு விட்டுத் தைக்கப்பட்டது. எசேக்கியா அதனை அணிந்து பார்த்தார். அது அவருக்குப் பெரிதாய் இருந்தது. மற்ற அரசர்களுக்கும் பெரிதாகவே இருந்தது.

கி.மு. 587இல் பாபிலோனியர் எருசலேமை அழித்துக் கோவிலை எரித்து மக்களை நாடு கடத்தியபோது, அணிந்து பார்க்கவும் அரியணையில் ஆள் இல்லாமற் போயிற்று. தாவீதின் குடி என்றும் நிலைக்கும் என்று நாத்தான் இறைவாக்கினர் வழியாகக் கடவுள் கொடுத்த வாக்கு என்னவாயிற்று? அதன் பின்னர் தாவீதின் வழியில் எவரும் அரியணை ஏறவேயில்லை. பாரசீகர், கிரேக்கர், கி.மு. 63 முதல் உரோமையர் என்று அந்நியர் ஆட்சி மாறி மாறி வந்தது. வெறும் கணிப்பாக இருந்திருந்தால், பொய்த்துப்போனது என்று அந்த ஏடுகளை அன்றே தூக்கி எறிந்திருப்பார்கள். அவர்களோ அவற்றைப் பொன்னேபோல் போற்றிப் படியெடுத்து வைத்தார்கள். வாக்குக் கொடுத்தவர் மாறாதவர் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம்.

அப்படிப் படியெடுத்த சுருள் ஒன்று நம் காலத்தில் கிடைத்துள்ளது என்பதை அறிந்தபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது. 1947இல் சாக்கடல் ஓரத்தில் கும்ரான் என்னும் இடத்திற்கு அருகே உள்ள குகை ஒன்றில் ஆடு மேய்க்கும் இளைஞர்கள் சில சாடிகளைக் கண்டனர். அங்கே கிடைத்த தோற்சுருள்களில் ஒன்று எசாயா நூல் முழுவதும் அடங்கியது. 17 தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த அச்சுருளின் நீளம் 7 மீட்டர் 34 சென்டிமீட்டர். கிறிஸ்து பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே அது எழுதப்பட்டது என ஆய்வாளர் உறுதி செய்துள்ளனர். இயேசு பிறந்தபின் கிறிஸ்தவர்களே இவற்றை எழுதிச் சேர்த்துக்கொண்டனர் என்று எவரேனும் கூறினால், எருசலேம் அருங்காட்சியகத்தில் உள்ள அச்சுருளே அதற்கு மறுமொழி. இடையர்களுக்குத்தான் முதலில் நற்செய்தி என்பது இதிலும் உண்மையாயிற்று!

எசாயாவின் வாக்கில் வரும் பெண்ணைக் குறிக்கும் எபிரேயச் சொல் "ஆல்மா". மணப்பருவம் எய்திய இளம்பெண் என்பது அதன் பொருள். கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே, விவிலியத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் அவ்விடத்தில் கன்னி என்று பொருள்படும் "பார்த்தெனோஸ்" என்னும் சொல்லை இட்டனர். மத்தேயு தம் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் எடுத்தாண்டது இச்சொல்லையே. இவ்வொரு சொல்லைக் குறித்து யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் 2ஆம் நூற்றாண்டிலேயே வாதம் நடந்தது. மறைசாட்சியான புனித யுஸ்தீனின் நூலில் அதனைக் காணலாம். இன்றும் யூத மக்கள் இவ்வரிகளை வேறு பொருளில்தான் வாசிக்கின்றனர். அதற்காக அவர்களை இகழ்தல் நமக்குத் தகாது. இவ்வேடுகளைக் காத்து நம் கையில் கொடுத்தவர்களே அவர்கள்தாம். அம்மக்கள் இன்றும் கடவுளின் அன்புக்கு உரியவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவுறக் கூறியது. 2001இல் திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு வெளியிட்ட ஏடு ஒன்று, இறைவாக்குகளை வருங்காலத்தின் நிழற்படம்போல் எண்ணுவது தவறு என்றும் குறிப்பிட்டது. எங்கள் தோழியின் வினாவுக்கு இதில் பாதி விடை கிடைத்ததாகவே நாங்கள் கருதினோம். நிழற்படத்தில் பதிந்த முகம் மாறாது. வாக்குறுதியோ உயிருள்ளது, நிறைவேறும்போது எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவும் நிறைவேறும்.

எசாயாவின் காலத்திலேயே வாழ்ந்தவர் மீக்கா. அவர் அரண்மனைக்குப் பழக்கப்பட்டவர் அல்லர். மோரசேத்து என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். ஆதலால்தானோ என்னவோ, மீட்பர் பிறக்கும் இடமாக அவர் சுட்டியதும் ஒரு சிற்றூரையே. யூதாவின் குடிகளுள் மிகச் சிறியதான பெத்லகேமிலிருந்து இஸ்ரயேலை ஆள்பவர் தோன்றுவார் என்பது அவரது வாக்கு. பெத்லகேம் என்றால் எபிரேய மொழியில் "அப்பத்தின் வீடு". அப்பத்தின் வீட்டில் பிறந்த குழந்தையைத் தாய் கிடத்தியதோ உணவு வைக்கும் தொட்டியில்! நாள்தோறும் நற்கருணையை அப்பமாக உட்கொள்ளும் நமக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த புனித எரோணிமுஸ் கி.மு. அல்ல, கி.பி. 386 முதல் 420இல் தாம் இறக்கும்வரை அதே பெத்லகேமில்தான் வாழ்ந்தார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

மீக்காவின் வாக்கு தொடர்பாக மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் நடப்பதுதான் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. கிழக்கிலிருந்து ஞானிகள் எருசலேமுக்கு வந்து யூதரின் அரசராகப் பிறந்தவர் எங்கே என்று கேட்கின்றனர். நகரமே கலங்குகிறது. ஏரோது மன்னன் தலைமைக் குருக்களையும் மறைநூல் அறிஞர்களையும் கூட்டி மெசியா எங்கே பிறப்பார் என்று விசாரிக்கிறான். அவர்கள் ஏட்டைத் தேடவும் இல்லை, தடுமாறவும் இல்லை. பெத்லகேமில் என்று உடனே கூறி, மீக்காவின் வாக்கையும் ஒப்பிக்கின்றனர். வினாத்தாளில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண்! ஆனால் பெத்லகேம் எருசலேமுக்குத் தெற்கே ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. நடந்தால் இரண்டு மணி நேரம். அவர்களில் ஒருவரேனும் அங்கே சென்றதாக மத்தேயு ஒரு சொல்லும் எழுதவில்லை. பிற இனத்தவரான ஞானிகள் சென்றார்கள். ஏரோதும் ஆள் அனுப்பினான், ஆனால் கொல்வதற்கு. வழியைக் காட்டிவிட்டுத் தாம் அசையாமல் நிற்கும் மைல்கற்களுக்கு அக்குருக்களைப் புனித அகுஸ்தினார் ஒப்பிட்டுள்ளார்.

ஒரே வாக்கு, அதை அறிந்தவர்கள் பலர், நடந்துகொண்ட விதம் வெவ்வேறு. ஆகாசு மறுத்தான். குருக்கள் மனப்பாடமாய் அறிந்திருந்தும் அசையவில்லை. ஏரோது வாளை எடுத்தான். ஞானிகள் மண்டியிட்டனர். தலையெழுத்து என்றால் இத்தனை வழிகள் இருக்க முடியுமா?

இனி அன்னை மரியாவிடம் வருவோம். லூக்கா தம் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் கபிரியேல் தூதர் கொண்டுவந்த இரு செய்திகளை அடுத்தடுத்து வைக்கிறார். முதலில் எருசலேம் கோவிலில் தூபம் காட்டிக்கொண்டிருந்த வயது முதிர்ந்த குரு செக்கரியாவுக்கு. பின்னர் கலிலேயாவில் நாசரேத்து என்னும் ஊரில் இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு. செக்கரியா தமக்கு நிச்சயம் வேண்டும் என்று கேட்டு, நம்பாமையால் பேச்சிழந்தார். மரியாவும் வினவினார், இது எவ்வாறு நிகழும் என்பதே அவர் வினா. தூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விளக்கம் கூறினார். விளக்கம் கூறியபின் எலிசபெத்தைப் பற்றியும் கூறினார். அதன்பின் காத்திருந்தார். மரியா தம்மை ஆண்டவரின் அடிமை என்று கூறி, உமது சொற்படியே ஆகட்டும் என்று இசைவு தந்த பின்னரே தூதர் அகன்றார் என்று லூக்கா எழுதுகிறார்.

அந்தச் சிறு இடைவெளியைப் பற்றி 12ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து ஓர் உருக்கமான மறையுரை ஆற்றியுள்ளார். ஆதாம், ஆபிரகாம், தாவீது முதலிய முன்னோர் அனைவரும், ஏன், கடவுளேகூட, அந்த இளம்பெண்ணின் ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்பதாக அவர் சித்திரிக்கிறார். நூற்றாண்டுகளாக எழுதப்பட்ட ஏடுகள் எல்லாம் ஒரு பக்கம். ஒரு சிற்றூர்ப் பெண்ணின் மறுமொழி மறுபக்கம். அவள் வாய் திறக்கும் வரை அந்த ஏடுகள் காத்திருக்கத்தான் வேண்டும்.

அவ்வாறாயின், மரியா மறுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எங்களுள் சிலர் மேலும் கேட்டனர். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் இதற்கு நெருங்கிய ஓர் இடம் உண்டு. 1992இல் வெளிவந்த அந்நூலின் 600ஆம் பத்தி, கடவுளுக்கு எல்லாக் காலமும் ஒருங்கே கண்முன் நிற்கிறது என்றும், அவர் தம் திட்டத்தை வகுக்கும்போதே ஒவ்வொரு மனிதரும் அவரது அருளுக்குத் தாமாகக் கொடுக்கும் மறுமொழியையும் அதில் சேர்த்தே வகுக்கிறார் என்றும் விளக்குகிறது. நாம் இதனை இவ்வாறு புரிந்துகொண்டோம். ஜாதகம் கணிப்பவர் பிறந்த நேரத்தைக் கேட்கிறார்; பிறந்தவளின் சம்மதத்தைக் கேட்பதில்லை. கடவுளோ முன்னரே அறிந்திருந்தும் கேட்கிறார். கேட்டுவிட்டு விடைக்காக நிற்கிறார். நாசரேத்தில் அவர் கேட்டது ஓர் அரசியிடமோ பெருஞ்செல்வரின் மகளிடமோ அன்று. அக்காலத்தில் மகளிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்? எங்கள் தோழியிடம் இவ்வளவையும் கூறினோம். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அந்தம்மா நிஜமாகவே பயந்திருப்பார்களே" என்றாள். ஆம், தூதர் அவரை வாழ்த்தியபின் கூறியதே அஞ்ச வேண்டாம் என்பதுதான். வசனத்தை ஒப்பிப்பவருக்கு அச்சம் எதற்கு?

நண்பகல் மணி அடித்ததும் வேலையை நிறுத்திவிட்டு நாம் சொல்லும் மூவேளைச் செபத்தின் நடுவில் இருப்பது மரியாவின் அந்த இசைவுதான். மதிய உணவு மணியின் அவசரத்தில் அதனை விழுங்கிவிடுபவர்கள் இல்லாமல் இல்லை.

திருவருகைக் காலத் திருவழிபாடு இந்த வாக்குகளை எல்லாம் நமக்கு மீண்டும் ஒருமுறை வாழ்ந்து காட்டுகிறது. அந்நான்கு வாரங்களில் எசாயாவின் குரல்தான் ஆலயத்தில் மிகுதியாகக் கேட்கும். டிசம்பர் 17 அன்று மத்தேயுவின் மூதாதையர் பட்டியல் நற்செய்தியாக வாசிக்கப்படும். பெயர்களை அடுக்கிக்கொண்டே போகும் அவ்வாசகத்தின்போது கொட்டாவி விடுவோர் பலர். ஆனால் பெண்பிள்ளைகளாகிய நாம் அதனைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆண்களின் பெயர்களாகவே செல்லும் அப்பட்டியலில் மரியாவுக்கு முன் நான்கு பெண்கள் இடம்பெறுகின்றனர். மாமனாரால் வஞ்சிக்கப்பட்ட தாமார், எரிகோ நகரில் இழிவாகக் கருதப்பட்ட இராகாபு, மோவாபு நாட்டிலிருந்து மாமியாரைப் பின்தொடர்ந்து வந்த கைம்பெண் ரூத்து, தாவீது அநியாயமாகக் கவர்ந்துகொண்ட உரியாவின் மனைவி. சாராவையும் ரெபேக்காவையும் விட்டுவிட்டு இவர்களை மத்தேயு ஏன் தேர்ந்தார் என்பதற்கு அறிஞர்கள் பல காரணங்கள் கூறுவர். பிற இனத்தாரும், ஊரார் வாயில் விழுந்தவர்களும், குற்றமே செய்யாமல் துன்புற்றவர்களும் இவர்களுள் உண்டு. கடவுளின் வாக்குறுதி அவர்கள் வழியாகவும் நடந்துதான் பெத்லகேமுக்கு வந்தது.

அதே டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு மாலைகளிலும், நம் அருட்சகோதரிகள் தங்கள் மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் தனிச் சிறப்பான முன்மொழிகளைச் சொல்கின்றனர். ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டிலிருந்தே திருச்சபையில் வழங்கிவரும் இவை ஒவ்வொன்றும் மெசியாவை ஒரு பெயரால் விளித்து, வாரும் என்று அழைக்கும். ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசே, இம்மானுவேலே என்பன அப்பெயர்கள். இவற்றுள் பல எசாயாவிடமிருந்து எடுத்தவை. இவ்வேழு விளிகளின் இலத்தீன் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கூட்டி வாசித்தால் "ஏரோ க்ராஸ்" என்று வரும். அதற்கு "நாளை நான் இருப்பேன்" என்று பொருள். ஏழு நாள் வாரும், வாரும் என்று அழைத்தவர்களுக்கு, அழைத்த சொற்களுக்குள்ளேயே மறுமொழி ஒளிந்திருக்கிறது!

மறுநாள் 24. அன்று நள்ளிரவுத் திருப்பலியில் முதல் வாசகமாக எசாயாவின் 9ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். நம் பங்குகளில் அதனை வாசிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் நம் போன்ற பெண்பிள்ளைகளுக்கே கிடைக்கிறது. ஆகாசின் காலத்தில் இருளில் நடந்த மக்களுக்கு உரைக்கப்பட்ட அவ்வாக்கு முடிந்து பதிலுரைப் பாடலும் இரண்டாம் வாசகமும் ஆனபின், அருட்தந்தை லூக்கா நற்செய்தியைத் திறப்பார். அகுஸ்து சீசர் மக்கள் தொகையைக் கணக்கிடக் கட்டளையிட்டதிலிருந்து அது தொடங்கும்.